வெப்பம் வெளியேறும் வழி

கணினியைப் பற்றிப் பேசுவோர் அதன் வேகத்தையும் நினைவகத்தையுமே பெரும்பாலும் பேசுகின்றனர். அவ்வேகம் நாள்முழுதும் குன்றாமல் நிற்பதற்குத் துணைசெய்யும் குளிர்விப்பு அமைப்பு பேச்சில் இடம்பெறுவதில்லை. மேசைக்கணினியில் விசிறிகளையும் திரவக் குளிர்விப்பையும் பொருத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் கோழிப்பண்ணைகளிலும் சுமையுந்துகளிலும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் இயற்பியலே கணினிப் பெட்டிக்குள்ளும் இயங்குவதைக் காட்டுகிறது.

வெயில்நிலத்தின் தொழில்கள்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் அடிவாரமாக விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி கடற்காற்று எட்டாத உள்நாட்டுப் பகுதியாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் இங்குப் பகல்நேர வெப்பநிலை பலநாள் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். 40 டிகிரியைத் தொடும் நாள்களும் உண்டு. இந்நிலத்து மக்களின் தொழில்கள் பலவும் வெப்பத்தோடு போராடும் தொழில்களாகவே அமைந்துள்ளன. நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகள், அவ்வூரில் கட்டப்படும் சுமையுந்துகள், திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள், சேலத்தின் எஃகு ஆலை, மேட்டூரின் அனல்மின் நிலையம் என எதை எடுத்துக்கொண்டாலும், உண்டாகும் வெப்பத்தை உரிய நேரத்தில் வெளியேற்றுவதிலேயே அதன் வெற்றி அடங்கியிருக்கிறது.

இவ்வரிசையில் அண்மையில் சேர்ந்தது மேசைக்கணினி. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகம், நெசவுக்கான பூவேலை வடிவங்களை வரையும் கூடம், காணொலித் தொகுப்பகம், வீட்டின் படிப்பறை என எங்கும் அது இயங்குகிறது. கோடை நண்பகலில் அது மெல்ல மெல்லத் தளர்வதையும், விசிறி இரைச்சலிடுவதையும், சிலவேளை தானாகவே நின்றுவிடுவதையும் பயன்படுத்துவோர் கண்டிருப்பர். உடனே, விலைமிகுந்த நீர்க்குளிர்விப்பானை வாங்கிப் பொருத்தினால் கணினி குளிர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதை அறிய, வெப்பம் பிறக்கும் இடத்திலிருந்து அது வெளியேறும் இடம்வரை பின்தொடர்ந்து செல்ல வேண்டும்.

வெப்பம் பிறக்கும் இடம்

கணினியின் செயலியில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் பலகோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னாற்றல் வெப்பமாக மாறுகிறது. மாவு அரைக்கும் இயந்திரத்தில் மின்னாற்றலின் ஒரு பகுதி இயக்க வேலையாகப் பயன்படுகிறது. கணினியோ எதையும் தூக்குவதில்லை, எதையும் அரைப்பதில்லை. எனவே, அது ஏற்கும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகிவிடுகிறது. 500 வாட் மின்சாரத்தை ஏற்று இயங்கும் கணினி, 500 வாட் மின்னடுப்பு தரும் அளவு வெப்பத்தைத் தான் இருக்கும் அறைக்குத் தருகிறது.

தொடக்ககால மேசைக்கணினிகளின் செயலிகளுள் விசிறியே இன்றி இயங்கியவை பல. 1990களின் நடுப்பகுதியில் செயலிமீது சிறுவிசிறி ஒன்று இடம்பெறுவது வழக்கமாயிற்று. இன்று ஆற்றல்மிக்க செயலிகள் முழுச்சுமையில் 200 வாட்டுக்கு மேலும், பெரிய வரைகலை அட்டைகள் 400 வாட்டுக்கு மேலும் மின்சாரம் ஏற்கின்றன. இவ்வளவு வெப்பமும் ஒரு கட்டைவிரல் நகத்தைப் போல் சிலமடங்கே பரப்புள்ள சில்லிலிருந்து வெளியேற வேண்டும். செயலிகள் பொதுவாக 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையே தாங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. அவ்வெல்லையை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் வெப்பம் தணியாவிடில் கணினி நின்றுவிடும். கோடையில் காணப்படும் தளர்ச்சிக்குக் காரணம் இத்தற்காப்பே ஆகும்.

கடத்தும் பொருள்கள்

சில்லில் பிறந்த வெப்பம் முதலில் கடத்தல் முறையில் பயணம் செய்கிறது. எல்லா உலோகங்களும் வெப்பத்தை ஒரே அளவில் கடத்துவதில்லை. செம்பு மிகச் சிறந்த கடத்தி. அதனை அடுத்து அலுமினியம். சேலம் உருக்காலையின் பெயரோடு இணைத்து அறியப்படும் துருப்பிடிக்கா எஃகோ வெப்பத்தைக் கடத்துவதில் பின்தங்கியது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் அதனைக் காட்டிலும் 25 மடங்குக்கு மேல். இதனால்தான் எவர்சில்வர் பாத்திரங்கள் சிலவற்றின் அடியில் செம்புப் பூச்சு இடப்படுகிறது. அடுப்பின் வெப்பம் ஓரிடத்தில் தேங்கிச் சோறு அடிப்பிடிக்காமல், அடிப்பகுதி முழுதும் பரவுவதற்கு அச்செம்பு துணைசெய்கிறது.

கணினியிலும் அதே ஏற்பாடு உள்ளது. செயலியின்மீது அமரும் குளிர்விப்பானின் அடித்தகடு பெரும்பாலும் செம்பால் ஆனது. வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய இதழ்கள் எடை குறைந்ததும் விலை மலிந்ததுமான அலுமினியத்தால் ஆனவை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைக்கும் பாக்சைட், இந்த அலுமினியத்தின் மூலத்தாதுவாகும்.

செயலியின் மேற்பரப்பும் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், நுணுகிப் பார்த்தால் மேடுபள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி. அச்சிறு இடைவெளிகளை நிரப்புவதற்காகவே வெப்பப்பசை இடப்படுகிறது. பசையும் செம்புக்கு ஈடாகக் கடத்தாது. காற்றைவிடப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும், அவ்வளவே. எனவே, பசையை மெல்லிய படலமாக இடுவதே முறை. சுவர்ப்பூச்சுப்போல் தடித்துப் பூசினால் வெப்பத்தின் வழியில் அதுவே தடையாகிவிடும்.

விசிறிகளின் திசை

கடத்தல்மூலம் இதழ்களை அடைந்த வெப்பத்தைக் காற்று ஏற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்கு விசிறிகள் எத்தனை உள்ளன என்பதைவிட, காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும் தெளிவாக உள்ளனவா என்பதே முதன்மையானது. இவ்வுண்மையைக் கோழிப்பண்ணைகளில் கண்கூடாகக் காணலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெயில் ஏற ஏறக் கோழி இறக்கைகளை விரித்து, வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும், தீவனம் குறையும், முட்டையின் ஓடு மெலியும், வெப்பம் எல்லை மீறினால் உயிரே போய்விடும். ஆகவே, பண்ணைக் கொட்டகைகள் கிழக்கு மேற்காக நீண்டிருக்குமாறு அமைக்கப்படுகின்றன. அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் நீண்ட பக்கங்கள் வழியாக நேரே உள்ளே விழுவதில்லை. நீண்ட பக்கங்களில் சுவருக்குப் பதிலாகக் கம்பிவலை இருப்பதால் காற்று குறுக்கே தடையின்றிச் செல்கிறது.

முற்றிலும் மூடப்பட்ட நவீனக் கொட்டகைகளில் ஒரு முனையில் ஈரத்திரைகளும் மறுமுனையில் பெரிய வெளியேற்று விசிறிகளும் இருக்கும். விசிறிகள் காற்றை வெளியே இழுக்க, ஈரத்திரை வழியே புதுக்காற்று நுழைந்து கொட்டகையின் முழு நீளத்தையும் கடந்து செல்கிறது. நடுவில் பக்கச்சுவரின் திரைச்சீலை கிழிந்திருந்தால் காற்று அக்குறுக்கு வழியே நுழைந்துவிடும். ஈரத்திரையை ஒட்டிய பகுதியில் உள்ள கோழிகளுக்குக் காற்றோட்டம் குறைந்துபோகும். அங்கே மேலும் இரண்டு விசிறிகளைக் கூட்டுவதைவிடக் கிழிசலைத் தைப்பதே பயன்தரும்.

கணினிப் பெட்டியும் அத்தகைய கொட்டகையே. பொதுவாக, முன்புறத்திலும் அடிப்புறத்திலும் உள்ள விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். எல்லா விசிறிகளும் உள்நோக்கி இருந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் இருந்தாலோ காற்று அங்கேயே சுழன்று பயனற்றுப் போகும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், மேசையின் மூடிய அறைக்குள் செருகி வைப்பதும் வெளியேறிய வெப்பக்காற்றையே மீண்டும் உள்ளே அனுப்பும் செயல்களாகும்.

விசிறியின் திசையை அறிவது எளிது. பெரும்பாலான கணினி விசிறிகளில், நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ அந்தப் பக்கமாகவே காற்று வெளியேறும். ஐயம் இருப்பின், மெல்லிய காகிதத் துண்டொன்றை விசிறியின் அருகில் பிடித்தால் அது இழுக்கப்படுகிறதா தள்ளப்படுகிறதா என்பது விளங்கிவிடும்.

புழுதி மிகுந்த சமவெளி ஊர்களில் இன்னொன்றையும் கருத வேண்டும். உள்ளே வரும் காற்றின் அளவு, விசிறிகள் வெளியேற்றும் அளவைவிடச் சற்று மிகுதியாக இருந்தால் பெட்டியினுள் காற்றழுத்தம் சிறிதளவு கூடும். அப்போது பெட்டியின் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேறுமே அன்றி உள்ளே வராது. தூசு வடிகட்டி வழியாக மட்டுமே காற்று நுழையும். வடிகட்டியை அவ்வப்போது கழற்றித் தூய்மை செய்தால் உட்பகுதியில் தூசு படிவது குறையும்.

பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது, சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிடச் சிறந்தது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால், அது ஏற்கும் மின்திறனோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரைச்சலும் பெரிதும் அடங்கும்.

நீர் சுமக்கும் சுமை

காற்று இருக்க, நீர் எதற்கு? இதற்கான விடை நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனில் உள்ளது. ஒரு செயலி 200 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகக் கொள்வோம். அவ்வெப்பத்தை ஏற்கும் காற்றின் வெப்பநிலை 10 டிகிரி மட்டுமே உயர வேண்டுமெனில், வினாடிக்கு ஏறத்தாழ 17 லிட்டர் காற்று செயலியைக் கடந்து செல்ல வேண்டும். அதே வெப்பத்தை அதே 10 டிகிரி உயர்வில் நீர் சுமக்க வேண்டுமெனில், வினாடிக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி நீர் போதும். சம கனஅளவில் நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தைச் சுமக்க வல்லது. சிறிய இடத்தில் பிறக்கும் பெருவெப்பத்தை ஒரு மெல்லிய குழாய்வழியே வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல நீரே ஏற்றது.

நாமக்கல் சுமையுந்துகளின் எஞ்சினும் இம்முறையிலேயே குளிர்விக்கப்படுகிறது. எஞ்சினைச் சுற்றிவரும் திரவம் வெப்பத்தை ஏற்று, முன்புறமுள்ள ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே மெல்லிய குழாய்களுக்கும் இதழ்களுக்கும் இடையே காற்று பாய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்ல, தணிந்த திரவம் எஞ்சினுக்குத் திரும்புகிறது. சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் பாதையில் தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் சுமையேற்றிய வண்டி ஏறும்போது எஞ்சின் முழுவலிமையோடு உழைக்கிறது. வண்டியின் வேகமோ குறைவு. சமதளத்தில் விரையும்போது எதிரே வந்து மோதும் காற்று அங்கே கிடைப்பதில்லை. அப்போது ரேடியேட்டரின் விசிறியே துணை. அவ்விசிறி பழுதுபட்டால், திரவம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் சூட்டுமானியின் முள் ஏறிவிடும்.

கணினியின் திரவக் குளிர்விப்பை இந்தச் சான்று தெளிவாக்குகிறது. செயலியின்மீது செம்புத் தகடும் சிறு பம்பும் அமைந்த ஒரு தலைப்பகுதி, இரண்டு குழாய்கள், ஒரு ரேடியேட்டர், அதன்மீது விசிறிகள் ஆகியனவே அதன் உறுப்புகள். நீர் வெப்பத்தைச் சுமந்து செல்கிறதே தவிர, அதனை அழிப்பதில்லை. சுமந்த வெப்பத்தை இறுதியில் காற்றிடமே ஒப்படைக்கிறது. ஆகவே, திரவக் குளிர்விப்பும் விசிறிகளை நம்பியே இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1946இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் ஏற்றது. அதன் வெப்பத்தை வெளியேற்றப் பெரிய காற்றூதிகள் தேவைப்பட்டன. 1985இல் வெளிவந்த கிரே-2 என்னும் மீக்கணினியில், மின்சுற்றுப் பலகைகள் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தில் முழுமையாக மூழ்கியிருந்தன. திரவக் குளிர்விப்பு பெருங்கணினிகளில் தோன்றிப் பின்னரே மேசைக்கணினிக்கு வந்தது.

பொருத்தும் முறை

மூடிய அமைப்புடைய, முன்னரே திரவம் நிரப்பப்பட்ட குளிர்விப்பான்களே இன்று மிகுதியும் பயன்படுகின்றன. அவற்றைப் பொருத்தும்முன் மூன்று செய்திகளை உறுதிசெய்ய வேண்டும். குளிர்விப்பானின் பிடிப்புச் சட்டம் செயலியின் பொருத்துவாய்க்கு இணக்கமானதா? ரேடியேட்டர் அமரப் பெட்டியில் இடம் உண்டா? குழாய்கள் மடங்காமல் எட்டுமா? 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு அமையும் ரேடியேட்டரை 240 என்றும், மூன்று அமைவதை 360 என்றும் குறிப்பது கடைவழக்கு.

முதலில் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை முழுதும் நீக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். ஆதலால், பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட்டபின் வேலையைத் தொடங்குவது நல்லது.

ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்புறத்தில் பொருத்தி, அதன் விசிறிகள் காற்றை வெளியே தள்ளுமாறு அமைப்பது பொதுவாகச் சிறந்தது. மூடிய குழாயினுள்ளும் சிறிதளவு காற்று இருக்கும். காற்றுக்குமிழிகள் எப்போதும் உயரமான இடத்தையே நாடும். ரேடியேட்டர் மேலே இருந்தால் குமிழிகள் அங்கேயே தங்கிவிட, கீழே உள்ள பம்பு எப்போதும் நீரால் நிறைந்திருக்கும். மேற்புறத்தில் இடமின்றி முன்புறத்தில் பொருத்த நேர்ந்தால், ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பே உயரமான இடமாகிவிட்டால் குமிழிகள் அதனுள் சேரும். களகளவென்னும் ஒலி எழும், குளிர்விப்பு குன்றும், நாளடைவில் பம்பும் பழுதாகும்.

அடுத்து, செயலியின்மீது உள்ள பழைய பசையைத் துடைத்து நீக்கி, சிறு பட்டாணி அளவு புதுப்பசையை நடுவில் இட வேண்டும். சில குளிர்விப்பான்களில் பசை முன்னரே பூசப்பட்டிருக்கும். செம்புத் தகட்டை மூடியுள்ள பாதுகாப்பு நெகிழித்தாளை உரிக்க மறந்துவிடுவது பலரும் செய்யும் பிழை. அந்த மெல்லிய தாள் ஒன்றே முழு அமைப்பையும் பயனற்றதாக்கிவிடும். பின்னர்த் தலைப்பகுதியை வைத்து, எதிரெதிர் மூலைகளில் உள்ள திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முழுதும் முடுக்கினால் தகடு சாய்ந்து, மறுபக்கத்தில் இடைவெளி விழும்.

பம்பின் மின்கம்பியைத் தாய்ப்பலகையில் பம்புக்கென உள்ள முனையில் இணைக்க வேண்டும். பம்பு சீரான வேகத்தில் இடைவிடாது ஓட வேண்டும். விசிறிகளை, வெப்பநிலைக்கேற்ப வேகம் மாறும் நான்குகம்பி முனைகளில் இணைக்கலாம். பெட்டியை மூடுமுன் கணினியை இயக்கி, செயலியின் வெப்பநிலையைத் திரையில் காண வேண்டும். இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே அது விரைந்து உயர்ந்தால் பம்பு ஓடவில்லை, அல்லது தகடு சரியாக அமரவில்லை என்று கொள்ளலாம். குழாய் இணைப்புகளில் ஈரக்கசிவு உள்ளதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

அறைவெப்பம் என்னும் எல்லை

நீர் என்றதும் குளிர்ச்சி நினைவுக்கு வருவது இயல்பு. மண்பானை நீர் சில்லென்று இருப்பதும், ஈரத்திரை வழியே வரும் காற்று பண்ணைக் கொட்டகையைத் தணிப்பதும் உண்மையே. ஆனால், அவ்விரண்டிலும் குளிர்ச்சியைத் தருவது நீர் ஆவியாதல் ஆகும். ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று உலர்ந்திருக்கும் கோடைநாளில் இது நன்கு நிகழும். மழைக்கால ஈரக்காற்றில் குன்றிவிடும்.

கணினியின் குழாயிலுள்ள திரவம் வெளிக்காற்றில் ஆவியாவதில்லை; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருகிறது. ஆகவே, அது அறையின் வெப்பநிலையைவிடக் கீழே ஒருபோதும் இறங்காது. ஒரு குளிர்விப்பு அமைப்பு, முழுச்சுமையில் செயலியை அறைவெப்பத்தைவிட 50 டிகிரி உயர்வில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அறை 25 டிகிரியாக இருக்கும் ஏற்காட்டில் அச்செயலி 75 டிகிரியில் இயங்கும். அதே கணினி, மூடிய அறையில் 40 டிகிரி வெப்பமுள்ள சமவெளி ஊரில் 90 டிகிரியை எட்டும். கணினியில் எம்மாற்றமும் இல்லை; வெப்பம் சென்று சேரும் இடமே மாறியுள்ளது. கணினி வெளியிடும் வெப்பத்தால் மூடிய அறை மேலும் சூடாக, அச்சூடு மீண்டும் கணினிக்கே திரும்புகிறது. சன்னலைத் திறந்து எதிர்ப்புறத்தில் ஒரு வெளியேற்று விசிறியை வைப்பது, பல ஆயிரம் ரூபாய்க் குளிர்விப்பானைவிடப் பயன்தரும் சூழல்கள் உண்டு. ஆனால், ஈரக்காற்றை வீசும் நீர்க்குளிரூட்டியைக் கணினியின் முகத்துக்கு நேரே வைத்தல் கூடாது. அவ்வீரம் மின்சுற்றுகளுக்குக் கேடு செய்யும்.

எதனைத் தேர்வது?

பாடம் படிக்கவும் கணக்கு எழுதவும் பயன்படும் கணினியின் செயலிக்கு, அதனோடு வரும் சிறுவிசிறியே போதும். மிகுதியான பணிக்கு, வெப்பக்குழாய்கள் அமைந்த பெரிய காற்றுக்குளிர்விப்பான் ஏற்றது. அந்தச் செம்புக் குழாய்களுக்குள்ளும் சிறிதளவு திரவம் உண்டு. அது சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகி, பம்பு இன்றியே வெப்பத்தைக் கடத்துகிறது. நாள்முழுதும் முழுச்சுமையில் காணொலி தொகுப்பது, முப்பரிமாணப் படங்களை உருவாக்குவது போன்ற பணிகளுக்கே திரவக் குளிர்விப்பு உண்மையில் தேவைப்படுகிறது.

தேர்வு செய்யும்போது, பழுது நேர்ந்தால் என்னாகும் என்பதையும் எண்ண வேண்டும். காற்றுக்குளிர்விப்பானின் விசிறி நின்றாலும் உலோக இதழ்கள் ஓரளவு வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். திரவக் குளிர்விப்பில் பம்பு நின்றால் வெப்பத்தின் வழியே அடைபட்டுவிடும். மூடிய குழாய்களின் சுவர் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் மிக நுண்ணிய அளவில் வெளியேறிக் குறையும் என்பதால், அதன் ஆயுளும் வரம்புடையதே. கணினி அந்நேரத்தில் தன்னைத்தானே நிறுத்திக் காத்துக்கொள்ளும். மூடிய கோழிக் கொட்டகைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மின்தடையின்போது மின்னாக்கி உடனே இயங்காவிட்டால் சிறிது நேரத்திலேயே கோழிகள் மடியத் தொடங்கும். அதனால்தான் அங்கே மாற்று மின்னாக்கியும் எச்சரிக்கை மணியும் கொட்டகையின் இன்றியமையா உறுப்புகளாக உள்ளன.

வெப்பத்தைப் பிறப்பிக்காமை

கணினி ஏற்கும் மின்சாரத்துக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. மேட்டூர் அனல்மின் நிலையம் போன்றவற்றில் நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்னாற்றலாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, நீராவியை மீண்டும் நீராக்கும்போது குளிர்விப்பு நீரோடு சேர்ந்து வெளியேறுகிறது. அத்தகைய நிலையத்தின் மின்சாரத்தில் கணினி 100 வாட் வெப்பத்தை அறையில் வெளியிடும்போது, அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வெப்பம் மின்நிலையத்தில் முன்னரே வெளியேறிவிட்டது.

ஆகவே, வெப்பத்தை வெளியேற்றும் வழிகளோடு அதனைக் குறைவாகப் பிறப்பிக்கும் வழியையும் எண்ண வேண்டும். செயலியின் வேகத்தைக் கடைசி எல்லைவரை உயர்த்த அதன் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியுள்ளது. மின்திறனோ மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. கிடைக்கும் வேக உயர்வு சிறிது. பிறக்கும் வெப்பம் பெரிது. கணினியின் அமைப்புகளில் மின்திறன் வரம்பைச் சற்றுக் குறைத்துவைத்தால் வேகத்தில் சிறு இழப்போடு வெப்பத்தில் பெரும் குறைவைப் பெறலாம். இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

கோடையில் ஒரு கணினி தளரும்போது, செயலிமீதுள்ள பசை, தகட்டின் அழுத்தம், பம்பின் ஓட்டம், விசிறியின் திசை, வடிகட்டியின் தூசு, பெட்டிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, அறையின் சன்னல் என வெப்பம் செல்லும் வழிநெடுக வரிசையாகப் பார்த்துச் செல்ல வேண்டும். அவ்வழியில் எங்கே அடைப்பு இருக்கிறதோ அங்கேதான் செலவும் உழைப்பும் தேவைப்படுகின்றன.

கற்பவை கற்றபின்...

1. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் கணினிப் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ள இடங்களைப் பார்வையிட்டு, காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும் தடையின்றி உள்ளனவா என்பதைப் படம் வரைந்து விளக்குக.

2. அருகிலுள்ள கோழிப்பண்ணைக்கோ வாகனப் பழுதுநீக்கும் பட்டறைக்கோ சென்று, அங்கு வெப்பத்தைத் தணிக்கக் கையாளும் முறைகளைக் கேட்டறிந்து, அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களோடு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ஒரே அளவு நீரை மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் நிரப்பி, நண்பகலில் அவற்றின் வெப்பநிலையை அளந்து, வேறுபாட்டுக்கான காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. 'கணினிக்கு நீர்க்குளிர்விப்பே சிறந்தது' என்னும் கருத்தின்மீது சொற்போர் நிகழ்த்துக.